எச்சரிக்கை மணி ஏன் சில வேளைகளில் தவறாக ஒலிக்கிறது?

“என் பணத்தை நான் செலவிடும்போது வங்கி எதற்காகத் தடுக்கிறது?” கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. வெளியூர் மருத்துவமனையில் முன்பணம் செலுத்தும் வேளையில் அட்டை மறுக்கப்பட்டவர் இதைக் கோபத்துடன் கேட்பதில் வியப்பில்லை. அதற்குரிய விடை ‘டேட்டா மைனிங்’ எனப்படும் தரவு அகழ்வில் இருக்கிறது.

1989-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், செயற்கை நுண்ணறிவு குறித்த பன்னாட்டு மாநாட்டையொட்டி ஒரு பயிலரங்கு நடைபெற்றது. தரவுத்தளங்களில் குவிந்து கிடக்கும் விவரங்களிலிருந்து பயனுள்ள அறிவைக் கண்டெடுப்பது எப்படி என்பதே அதன் பொருள். கிரிகோரி பியாடெட்ஸ்கி-ஷபீரோ ஒருங்கிணைத்த அப்பயிலரங்கு, 1995-இல் மான்ட்ரியலில் தொடங்கிய பன்னாட்டு மாநாட்டு வரிசைக்கு வித்திட்டது. நம் நாட்டில், ரிசர்வ் வங்கி 1996-இல் ஹைதராபாத்தில் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை ஆய்வுகள் நடைபெறுகின்றன.

தரவு அகழ்வுக்குத் துணைநிற்பது ‘கணிப்பு நுண்ணறிவு’. இதில் மூன்று முறைகள் முதன்மையானவை. மூளை நரம்புகளின் இணைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, பழைய எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்வது நியூரல் நெட்வொர்க். ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டாகப் பிரிக்காமல் ‘எந்த அளவுக்கு’ என்று மதிப்பிடுவது, 1965-இல் லோட்ஃபி ஸாடே முன்வைத்த ஃபஸி முறை. உயிரினங்களின் பரிணாமத்தைப் போலத் தீர்வுகளைத் தலைமுறை தலைமுறையாகச் செம்மைப்படுத்துவது மரபணு வழிமுறை.

வங்கியில் இவை எவ்வாறு பயன்படுகின்றன? ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வூதியர் மாதத் தொடக்கத்தில் பணம் எடுப்பார். கடைக்காரர் மாலையில் வரவு வைப்பார். சில ஆயிரம் ரூபாய் மட்டுமே இருந்துவந்த சேமிப்புக் கணக்கில், தொடர்பில்லாத பல ஊர்களிலிருந்து ஒரே நாளில் தொகைகள் வந்து, சில நிமிடங்களில் முழுவதும் வெளியேறினால் அது வழக்கத்துக்கு மாறானது. பிறருடைய மோசடிப் பணத்தைக் கடத்த அக்கணக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கலாம் என்று கணினி ஐயுறும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளில் 10 லட்சம் பரிவர்த்தனைகள் நடப்பதாகவும், அவற்றுள் 100 மட்டுமே மோசடி என்றும் வைத்துக்கொள்வோம். நம் கணினி 100 மோசடிகளில் 99-ஐப் பிடித்துவிடும். நேர்மையான பரிவர்த்தனைகளில் 100-க்கு 1-ஐ மட்டுமே தவறாக ஐயுறும். கேட்பதற்குச் சிறப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நேர்மையானவை 9,99,900 அல்லவா? அவற்றில் நூற்றில் ஒன்று என்றால் 9,999. ஆக மொத்தம் ஒலிக்கும் எச்சரிக்கைகள் 10,098. உண்மையான மோசடி 99. ஏறத்தாழ 102 எச்சரிக்கைகளுக்கு ஒன்றுதான் மெய்யானது.

கணினியின் கண்டிப்பைக் குறைத்தால் நேர்மையானவர்களின் தொல்லை குறையும். மோசடிகள் சில தப்பிவிடும். கண்டிப்பைக் கூட்டினால் இதற்கு நேர்மாறாகும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கு நிற்பது என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. மனிதர்களே முடிவு செய்ய வேண்டும். ஐயம் எழுந்தவுடன் வங்கி குறுஞ்செய்தி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ உங்களிடம் உறுதிப்படுத்திக்கொள்ள முனைவது இதனால்தான். உங்கள் பழைய கைப்பேசி எண்ணே பதிவில் இருந்தால் அந்த வாய்ப்பு அடைபட்டுப் போகும். ஆனால் வங்கியிலிருந்து அழைப்பவர் எவரும் கடவுச்சொல்லையோ ஓடிபி எண்ணையோ கேட்கமாட்டார். கேட்பவர் வங்கி ஊழியர் அல்லர்.

கணினியால் எளிதில் காண முடியாத மோசடியும் ஒன்று உண்டு. மிரட்டலுக்கோ ஆசைவார்த்தைக்கோ இணங்கி வாடிக்கையாளரே தம் கைப்பேசியில், தம் ரகசிய எண்ணை இட்டுப் பணம் அனுப்பும்போது எல்லாம் முறையாகவே தோன்றும். அங்கே இறுதிக் காவல் வாடிக்கையாளரின் நிதானமே.

மோசடி நேர்ந்துவிட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும் முன் அதை முடக்க இதுவே வழி. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாத நிலையில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. ரகசிய எண்ணைத் தாமே பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும்.

ஆகவே, நீண்ட பயணத்துக்கு முன் அட்டையின் வரம்புகளைச் சரிபாருங்கள். கைப்பேசி எண்ணைப் புதுப்பித்து வையுங்கள். கணக்கைப் பிறருக்கு இரவல் தராதீர்கள். உறுதிப்படுத்தக் கோரும் செய்தி வங்கியிலிருந்து வரும்போது சலிப்படையாமல் விடையளியுங்கள். அந்தச் செய்தி நூறு முறை தேவையற்றதாகத் தோன்றலாம். நூற்றோராவது முறை அது உங்கள் வாழ்நாள் சேமிப்பைக் காக்கக்கூடும்.