முதல் கரண்ட் கல்பாக்கத்துக்கு

பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்து சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மின்சாரம் அடியோடு போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரான அயனம்பாக்கத்து வீடுகளில் இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டுக் கையை விரித்துவிடும். நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. முதலில் அதை ஓட்டிவிட்டால் விளக்கு எரியாதா என்று தோன்றுவது இயல்புதான். நடைமுறையோ தலைகீழ். அந்த நேரத்தில் கல்பாக்கம் கரண்ட் கொடுக்கிற இடமல்ல. வரிசையில் முதல் ஆளாக நின்று கரண்ட் கேட்கிற இடம். பூகம்பத்துக்குப் பின் அணுமின் நிலையம் ஊரை மீட்பதில்லை, ஊர்தான் அதை மீட்க வேண்டும். இதுவரை நடந்தவற்றைப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

காரணம் அணு உலையின் இயல்பிலேயே இருக்கிறது. தரை ஆடியதும் உலையை நிறுத்துவது பெரிய காரியமல்ல. சில விநாடிகளில் தொடர்வினை அடங்கிவிடும். அடங்காதது வெப்பம். பிளவுபட்ட யுரேனியத்தின் எச்சங்கள், தணலில் கிடக்கும் கரிபோலக் கனன்றுகொண்டே இருக்கும். கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் ஓர் அலகு 220 மெகாவாட் மின்சாரத்துக்காகச் சுமார் 800 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்தும் அதில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் மிச்சமிருக்கும், அதாவது பத்து மெகாவாட் அளவுக்கு. குளியலறையில் மாட்டுகிற இரண்டு கிலோவாட் கீசர் ஐயாயிரத்தை ஒரே அறையில் அடைத்து, அணைக்க ஸ்விட்ச் இல்லாமல் விட்டதற்குச் சமம் இது. மறுநாள் இதே நேரத்திலும் இரண்டாயிரம் கீசர் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டை வெளியேற்றத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓடப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும். வெளியிலிருந்து வரும் லைன் போனால் டீசல் ஜெனரேட்டர். அதுவும் கிளம்பாவிட்டால், கருவிகளுக்கும் வால்வுகளுக்கும் மட்டும் போதுகிற பேட்டரி.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. சுமத்ரா அருகே நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குப் பூமி குலுங்கியது. ஒன்பது மணிவாக்கில் கல்பாக்கம் கரையில் ஆழிப்பேரலை ஏறியது. முதல் அலகு பராமரிப்புக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது, ஓடிக்கொண்டிருந்தது இரண்டாவது. நிலையம் கடல்நீரை இழுப்பது, கடலடியில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளும் ஒரு சுரங்கம் வழியாக. அலை அந்த வழியாகவே உள்ளே வந்தது. பம்பு வீட்டில் நீர்மட்டம் எகிறி, கண்டென்சருக்குத் தண்ணீர் தரும் பம்புகள் நின்றன, டர்பைனையும் உலையையும் நிறுத்தினார்கள். உலை இருந்த மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் ஏறவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், வெளி மின்சாரம் அறுபடவில்லை. டீசல் ஜெனரேட்டர்களை முன்னெச்சரிக்கையாகத்தான் ஓடவிட்டிருந்தார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஆய்ந்து ஒப்புதல் தந்தபின், 2005 ஜனவரி 2 அன்று அலகு திரும்ப ஓடத் தொடங்கியது. இடையில் ஏழே நாள். அதே அலைக்குக் கல்பாக்கம் குடியிருப்பில் உயிர்கள் பலியாயின என்பதை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் பாராட்டுவது சரியல்ல.

ஏழு நாளில் மீண்டதைக் காட்டி, பூகம்ப பயமெல்லாம் மிகை என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கல்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது பூகம்பம் அல்ல, சுமார் 2000 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த பூகம்பத்தின் தண்ணீர். டவர் சாயவில்லை, துணை மின்நிலையத்தில் பீங்கான் இன்சுலேட்டர் உடையவில்லை. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் நடந்தது வேறு. வெளி லைன்களை நிலநடுக்கமே அறுத்துவிட்டது. டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காகக் கிளம்பின. சுமார் ஐம்பது நிமிடம் கழித்து வந்த அலை, தாழ்வான தளங்களில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. ஆறாவது அலகில் காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று மட்டும் பிழைத்து, ஐந்தாவது அலகையும் சேர்த்துக் காப்பாற்றியது. முதல் மூன்று அலகுகளின் எரிபொருள் உருகியது. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா நிலையமோ தப்பியது: உயரமான மேட்டில் கட்டியிருந்தார்கள், ஐந்து வெளி லைன்களில் ஒன்று உயிரோடு இருந்தது. ஒரே கடற்கரை, ஒரே நடுக்கம். வித்தியாசம் ஒரு லைனும் சில மீட்டர் உயரமும்தான்.

கரண்ட் இல்லாமலே சமாளிக்க முடியாதா என்றால், முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசத்து நரோராவில் டர்பைன் இறக்கை முறிந்து தீப்பிடித்து, கேபிள்கள் எரிந்து, 17 மணி நேரம் நிலையமே இருண்டு கிடந்தது. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளால் நீராவிக் கலங்களுக்குத் தண்ணீர் விட்டு உலையைக் காத்தார்கள். தப்பித்துக்கொள்வதற்கான வழி இது. இதை வைத்து ஊருக்கு ஒரு யூனிட் கூட அனுப்ப முடியாது.

சரி, கிரிட் முழுவதும் சாய்ந்தபின் எழுப்புவது யார்? தானாகக் கிளம்பத் தெரிந்த சிறிய இயந்திரங்கள்தான்: மதகைத் திறந்தால் சுழலும் நீர்மின் டர்பைன், அல்லது சிறிய டீசல் எஞ்சின் தள்ளிவிட்டால் ஓடத் தொடங்கும் எரிவாயு டர்பைன். சென்னைக்குள்ளேயே பேசின் பிரிட்ஜில் நிறுவப்பட்ட 120 மெகாவாட் நிலையம் இந்த இரண்டாவது வகை. 2018 செப்டம்பர் 6 அதிகாலை ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் நிலநடுக்கம் தாக்கி, அப்போதைய தேவையில் ஏறத்தாழ பாதியைத் தந்துகொண்டிருந்த நிலக்கரி நிலையம் விழ, தீவே இருண்டது. தீவின் தோமாரி அணுமின் நிலையம் 2012 முதலே ஓடவில்லை. ஆனாலும் பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளத்தைக் குளிர்விக்க டீசல் ஜெனரேட்டர்களில் நிற்க வேண்டியதாயிற்று. முதலில் எழுந்தவை நீர்மின் நிலையங்கள். சுமார் ஒன்பது மணி நேரத்தில் தோமாரிக்கு வெளி மின்சாரம் திரும்பியது. தீவு முழுவதற்கும் ஏறத்தாழ இரண்டு நாள் ஆனது.

கிரிட் சரியும்போது அணுமின் நிலையம் சுற்றுவட்டார லோடோடு தீவாகப் பிரிந்து ஓடலாமே என்று பொறியாளர்கள் கேட்பார்கள். வெறும் கிரிட் கோளாறுக்கு அது நல்ல ஏற்பாடு. தரை ஆடி உலையே டிரிப் ஆனபின் உதவாது. அதிலும் கல்பாக்கம் போன்ற இயற்கை யுரேனிய உலைகளுக்கு ஒரு சாபக்கேடு உண்டு: நின்ற அரை மணி வாக்கில் திரும்பத் தொடங்காவிட்டால், நியூட்ரான்களை விழுங்கும் செனான் உள்ளே சேர்ந்துவிடும், அது சிதைந்து குறைய ஒன்றரை நாள் போல் காத்திருந்தாக வேண்டும். பூகம்பத்துக்குப் பின் அரை மணியில் யாரும் சோதித்து முடிக்க மாட்டார்கள். 2007 ஜூலையில் ஜப்பானின் காஷிவசாக்கி-கரிவா நிலையம் வடிவமைப்பில் எண்ணியதைவிட அதிகமாகக் குலுங்கியது; பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்தன, அவற்றில் பெரிய சேதம் கண்ணில் படவில்லை. இருந்தும் ஏழு அலகுகளில் ஒன்று முதன்முதலாகத் திரும்ப ஓட 2009 ஆனது. ஒனகாவா இரண்டாம் அலகுக்கு 2024 அக்டோபர் வரை பொறுக்க வேண்டியிருந்தது. இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்ற முறையீட்டில் ஓரளவு நியாயம் உண்டு. அந்த ஆண்டுகளில் ஜப்பான் எரித்த வாயுவுக்கும் நிலக்கரிக்கும் விலை உண்டல்லவா. ஆனால் வெல்டிங்கில் விழுந்த மயிரிழை விரிசலைக் குழாய் குழாயாகத் தேடித்தான் கண்டுபிடிக்க முடியும். அந்த வேலையை அவசரப்படுத்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

ஆக, அயனம்பாக்கத்துக்கு முதல் வெளிச்சம் கல்பாக்கத்திலிருந்து வராது. கல்பாக்கத்துப் பம்புகள் ஓடத் தொடங்கிய பின், எழுகிற இயந்திரங்கள் தடுமாறாமல் இருக்க ஃபீடர் ஃபீடராக லோடு ஏற்றுவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளை ஒரே மூச்சில் சேர்த்தால் எழுந்தது மறுபடி விழும். வீடுகள் உள்ள ஒரு சின்ன ஃபீடர் அதற்கு முன்பே உயிர் பெறலாம். அப்படி வரும்போது அந்தத் தெருவின் ஃப்ரிட்ஜ், ஏசி, சம்ப் மோட்டார் அத்தனையும் ஒரே நொடியில் இழுக்கும்; வழக்கமான லோடைவிட அந்த இழுப்பு அதிகம். கரண்ட் போனதுமே மோட்டார் ஸ்விட்சை அணைத்து வைத்த தெருவில், திரும்பி வரும் கரண்ட் முதல் தடவையிலேயே நிலைத்து நிற்கும்.