ஓடாத வண்டிகளின் பந்தயம்

"சித்தி, அந்தச் சன்னல் மறுபடியும் வருது!"

அக்கா மகளுக்கு எட்டு வயது. பழைய ஸ்கூபி-டூ படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய் துரத்துகிறது; ஷாகி என்ற இளைஞனும் அவன் நாய் ஸ்கூபியும் நீளமான கூடத்தில் தலைதெறிக்க ஓடுகிறார்கள். ஒரு சன்னல், ஒரு தூண், சுவரில் மாட்டிய ஒரு படம். மறுபடி அதே சன்னல், அதே தூண், அதே படம். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், ஐந்தாவது முறை அந்தப் படம் வந்ததும் டிவியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்போ இவங்க ஓடவே இல்லையா?"

இல்லை. ஓடவே இல்லை. அந்த ஓட்டம் முழுக்க நடந்தது அவள் தலைக்குள்தான். இதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதற்கு நான் எடுத்துக்கொண்டது இன்னொரு ஸ்கூபி-டூ படத்தை.

1988-இல் ஹன்னா-பார்பெரா நிறுவனம் தொலைக்காட்சிக்காக எடுத்த 'ஸ்கூபி-டூ அண்ட் தி ரிலக்டன்ட் வேர்வுல்ஃப்' என்ற அந்தப் படம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். டிராகுலா ஆண்டுதோறும் பூதங்களுக்கு ஒரு கார் பந்தயம் நடத்துவார். ஃப்ராங்கன்ஸ்டைனின் பூதம், எகிப்து மம்மி, சூனியக்காரிகள் என எல்லோரும் ஆளுக்கொரு வண்டியில் வந்துவிடுவார்கள். இந்த முறை ஓநாய் மனிதன் மட்டும் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஆள் வேண்டும். வம்சாவளிப்படி அடுத்த முறை ஷாகிக்கு. ஷாகியை ஓநாயாக மாற்றி வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஜெயித்தால் பழையபடி மனிதனாகலாம். அச்சமும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கும் கதை. கதையை விட எனக்குப் பிடித்தது, பந்தயம் என்ற ஒன்றை அந்தக் கால ஓவியர்கள் எப்படிப் படமாக்கினார்கள் என்பது.

கணினி வருவதற்கு முன்னால் கார்ட்டூன் என்பது ஒளி ஊடுருவும் 'செல்' தாள்களில் வரைந்து, வண்ணம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமராவால் ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடிப்பது. சினிமாவுக்கு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 1,29,600. அத்தனைக்கும் தனித்தனிப் படம் வரைந்தால் எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் தாங்காது. ஆகவே காரை ஒரு செல்லில் வரைந்து, கேமராவுக்கு நேர்கீழே நடுவில் வைத்துவிடுவார்கள். அதற்கு அடியில் மரம், கல்லறை, வேலி எல்லாம் வரைந்த நீண்ட பின்னணித் தாள். ஒரு சட்டகம் எடுத்ததும் பின்னணியைக் கொஞ்சம் தள்ளுவார்கள். அடுத்த சட்டகம்; மறுபடி கொஞ்சம். தாளின் கடைசியும் தொடக்கமும் பொருந்தும்படி வரைந்திருப்பதால், முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். சன்னல் ஐந்து முறை வந்த ரகசியம் இதுதான். கார் நடுவிலேயே நிற்கிறது. நகர்ந்ததெல்லாம் ஊர்தான்.

அப்படியானால் நமக்கு ஏன் ஊர் ஓடுவதாகத் தெரியவில்லை?

கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1929-இல் இதை ஆராய்ந்தார். இருட்டறையில் ஒரு ஒளிப்புள்ளி. அதைச் சுற்றி ஒரு சட்டம். நகர்வது சட்டம், பார்ப்பவருக்கோ சட்டம் நின்றிருக்க, புள்ளி எதிர்த்திசையில் போவதாகத் தெரிகிறது. பெரியது, சூழ்ந்திருப்பது நிலையானது. சிறியது, சூழப்பட்டது நகர்வது. மூளை இப்படி ஒரு முடிவோடுதான் உலகத்தைப் பார்க்கிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்: காட்டில் மரங்கள் நகர்வதில்லை, மான்தான் நகரும். மேகம் ஓடும் இரவில் நிலா மேகத்துக்குள் புகுந்து ஓடுவதாகத் தெரிவதும் இதனால்தான். ரயில் நிலையத்தில் பக்கத்து ரயில் கிளம்ப, நம் ரயில்தான் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் ஏமாறாதவர் உண்டா? டிராகுலாவின் பந்தயமும் அந்த ஒரு கண ஏமாற்றத்தை நீட்டிப் பிடித்து எடுத்ததுதான்.

இதில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் சாலையோர மைல்கல் சட்டென்று பின்னால் போகும். தூரத்துப் பனைமரம் மெல்லப் போகும். மலை நகர்ந்ததே தெரியாது. நிலா கூடவே வரும். நிலா இருப்பது சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில். பஸ் ஒரு கிலோமீட்டர் போனாலும் நிலா தெரியும் கோணம் ஒரு பாகையில் ஏறக்குறைய 6,700-இல் ஒரு பங்குதான் மாறும். நம் கண்ணுக்கு அது மாற்றமே இல்லை. கார்ட்டூன்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வேலியைத் தனித் தாளில் வரைந்து வேகமாக இழு; மரங்களை இன்னொரு தாளில் வரைந்து மெதுவாக இழு; நிலாவைத் தொடாதே. தட்டையான தாள்களுக்கு நடுவே ஆழம் பிறந்துவிடும். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1926-லேயே நிழலுருவப் படத்துக்குக் கண்ணாடி அடுக்குகளைப் பயன்படுத்தினார். டிஸ்னி 1937-இல் 'தி ஓல்ட் மில்' படத்தில் பல அடுக்குக் கேமராவைக் கொண்டுவந்தார். தொலைக்காட்சிக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் கட்டுப்படியாகாது. இரண்டு தாள்களை வெவ்வேறு வேகத்தில் நகர்த்தினாலே மூளை மீதியைப் பார்த்துக்கொண்டது.

கட்டுப்படியாவது என்றதும் ஹன்னாவும் பார்பெராவும் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். எம்ஜிஎம் நிறுவனத்தில் 'டாம் அண்ட் ஜெர்ரி' எடுத்து ஏழு ஆஸ்கர் வாங்கியவர்கள். 1957-இல் எம்ஜிஎம் கார்ட்டூன் பிரிவை மூடியதும் தெருவுக்கு வந்தார்கள். தொலைக்காட்சி தந்த பணம், நிமிடக் கணக்கில் பார்த்தால், பழைய பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் அடக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் உருவாக்கிய யோகி கரடிக்குக் கழுத்துப்பட்டையும் டையும், ஃப்ரெட் ஃப்ளிண்ட்ஸ்டோனுக்கு டை, ஸ்கூபிக்குக் கழுத்துவார். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். தலையும் உடலும் சேரும் கோட்டை மறைக்கத்தான் அவை. உடலை ஒரே தாளில் அப்படியே வைத்துவிட்டு, தலையை மட்டும் மாற்றி வரைந்தால் போதும். ஒரு கழுத்துப்பட்டை எத்தனை ஓவியர்களின் எத்தனை இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு அந்தப் பட்டையின் மேலேயே ஒரு மரியாதை வருகிறது.

படங்கள் அடுத்தடுத்து வந்தால் அசைவு ஏன் தெரிகிறது என்பதற்குப் பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த காரணம் 'பார்வை நீடிப்பு': விழித்திரையில் ஒரு படம் மறையும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. இது போதாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் படங்கள் தங்கினால் கலங்கல்தான் தெரியும், ஓட்டம் தெரியாது. 1912-இல் மாக்ஸ் வெர்தைமர் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்கியது. இரண்டு கோடுகள், இரண்டு இடங்களில், மாறி மாறித் தோன்றும். இடைவெளி விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஒன்று போய் ஒன்று வருவதாகத் தெரியும். மிகக் குறைத்து ஆயிரத்தில் 30 பங்கு என்றால், இரண்டும் ஒன்றாக இருப்பதாகத் தெரியும். ஆயிரத்தில் 60 பங்கு அளவில் வைத்தால், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரியும். நகர்ந்தது எதுவும் இல்லை. மூளை நகர்வை உண்டாக்கித் தந்துவிட்டது.

அந்த வேலையைச் செய்யும் இடம் பழுதானால்? 1983-இல் யோசெஃப் ட்சீல் என்ற ஜெர்மானிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் இரு பக்கமும் சேதம். அவருக்கு நிறம் தெரியும், முகம் தெரியும், படிக்க முடியும். அசைவு மட்டும் தெரியாது. கோப்பையில் தேநீர் ஊற்றினால் அது பனிப்பாறை போல உறைந்து நிற்கும். மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. சாலையில் தூரத்தில் இருந்த கார், அடுத்த பார்வையில் பக்கத்தில் இருக்கும். நடுவில் வந்த வழி இருக்காது. இதைப் படித்த அன்று அடுப்படியில் நின்று, டம்ளருக்கும் டபராவுக்குமாகக் காபி ஆற்றும்போது அந்த ஒழுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுகுவது தெரிவதே ஒரு வரம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சரி, பந்தயத்துக்கு வருவோம். வண்டி என்றால் சக்கரம் சுழல வேண்டும். சிக்கனமான கார்ட்டூனில் ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்துவார்கள். விநாடிக்கு 12 படங்கள். எட்டு ஆரக்கால் உள்ள சக்கரம் விநாடிக்கு ஒன்றரைச் சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒவ்வொரு ஆரக்காலும் சரியாக அடுத்ததன் இடத்துக்குப் போய்விடும். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் சக்கரம் நின்றுவிட்டதாகத் தெரியும். வேகம் சற்றுக் குறைந்தாலோ பின்னோக்கிச் சுற்றும். சினிமாவில் குதிரைவண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றளவு இரண்டு மீட்டர் உள்ள சக்கரத்துக்கு இந்த வேகம் மணிக்கு 11 கி.மீ.கூட இல்லை, சைக்கிள் போகும் வேகம். அதனால்தான் ஓவியர்கள் பந்தய வண்டிக்கு ஆரக்கால் வரைவதை விட்டுவிட்டு, வட்டவட்டமாகத் தேய்த்த கோடுகள் போட்டார்கள். ஓடும் கால்களுக்கும் அப்படித்தான், கீழே ஒரு சுழல் மட்டும். உண்மையை வரைந்தால் பொய்யாகத் தெரிந்திருக்கும்.

பூதங்கள் ஏன் என்பதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. இது என் ஊகம். ஸ்வீடனில் குன்னர் யோஹான்சன் 1973-இல் ஒரு சோதனை செய்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகள் வைத்து, இருட்டில் ஒருவரை நடக்கவிட்டார். நின்றால் வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கிய கணத்தில் யாருக்கும் தெரிந்துவிடும், மனிதர் நடக்கிறார் என்று. மனித நடையைப் பார்ப்பதில் நாம் அவ்வளவு கெட்டி. குறைந்த படங்களில் மனிதனை நடக்கவிட்டால் தப்பு உடனே கண்ணில் குத்தும். மம்மியோ விறைத்துத்தான் நடக்கும். ஃப்ராங்கன்ஸ்டைனின் பூதம் முழங்கால் மடக்காது. டிராகுலா ஒரு மேலங்கியைப் போர்த்திக்கொண்டால் உடலே தெரியாது. வெட்டி வெட்டி அசைவது மனிதனுக்குக் குறை. பூதத்துக்கு அது குணம். பட்ஜெட் இல்லாத ஓவியனுக்குப் பூதத்தை விட நல்ல நடிகன் கிடைக்க மாட்டான்.

கண் விட்டதைக் காது பிடித்துக்கொள்ளும். திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிரே வந்து, ஒன்றையொன்று கடந்து போகின்றன. சந்திக்கும் கணத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் சேர்த்தால், அவை மோதித் திரும்பியதாகப் பலருக்கும் தெரிகிறது. 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இது. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. மாறியது சத்தம் மட்டும். கால்கள் அந்தரத்தில் சுழலும்போது ஹன்னா-பார்பெரா படங்களில் ஒலிக்கும் அந்த பாங்கோ தாளத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒலியை அணைத்ததும் ஓட்டத்தில் பாதி போய்விடுகிறது.

இதையெல்லாம் எட்டு வயதுக்குச் சொல்ல முடியாது. செய்து காட்டத்தான் முடியும். பழைய காலண்டர் தாள்களை நீளவாக்கில் வெட்டி ஒட்டினோம். அதில் அவள் மொட்டை மரம், கல்லறை, ஆந்தை எல்லாம் வரைந்தாள். இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, இரண்டு சப்பாத்திக் கட்டைகளில் மாட்டி, அதற்கு முன்னால் போட்டோ சட்டத்தின் கண்ணாடியை நிறுத்தினோம். கண்ணாடியில் கோரைப்பல் முளைத்த ஷாகியும் ஒரு சிவப்புக் காரும். நான் கட்டையைச் சுற்றினேன்.

"ஓடுது! சித்தி, ஓடுது!"

மாற்றிச் சுற்றினேன். "ரிவர்ஸ்ல போறான்!"

ஓநாய் மனிதன் இருக்கிறான், நிலா இல்லை. மஞ்சள் தாளில் வட்டமாக வெட்டி அவள் கையில் கொடுத்து, எங்கே ஒட்டப்போகிறாய் என்று கேட்டேன். ஓடும் தாளிலா, கண்ணாடியிலா? அவள் யோசிக்கக்கூட இல்லை. பசையைத் தடவிக் கண்ணாடியின் மேல்மூலையில் அழுத்தி ஒட்டினாள்.

"நிலா நம்ம கூடவேதானே வரும்."