மறுபணிக்குச் சேர்ந்த முன்னாள் படைவீரர் முதல் மாதமே கேட்டு வாங்க வேண்டிய சான்று

‘அகவிலை நிவாரணமாக மிகையாகப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தவும்.’ ராணுவத்தில் பதினேழு ஆண்டு இருந்துவிட்டு அஞ்சல் துறையிலோ ரயில்வேயிலோ வேலைக்குச் சேர்ந்தவர்கள், இப்படி ஒரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பலர் எதையும் மறைத்தவர்கள் அல்ல. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் சும்மா இருந்தவர்கள். வேறு சிலருக்கோ நியாயமாக வரவேண்டிய நிவாரணமே நின்றுபோயிருக்கும். அதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விதி இதுதான். 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்று மத்திய அரசுப் பணியில் மறுபடி சேர்ந்தவர் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலான நிலையில் இருந்தவர் என்றால், புதிய சம்பளத்தை நிர்ணயிக்கும்போது அவருடைய ஓய்வூதியம் முழுவதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதிகாரிகளுக்கு முதல் 15,000 ரூபாய்தான் விடுபடும்; மிச்சம் சம்பளத்தில் கழியும்.

ஓய்வூதியத்தின் மீதான அகவிலை நிவாரணம் வேறு கணக்கு. சம்பள நிர்ணயத்தில் ஓய்வூதியம் முழுதும் கணக்கில் சேராமல் விடப்பட்டிருக்க வேண்டும். சம்பளமும் அந்தப் பதவியின் குறைந்தபட்சத்தில் நிர்ணயமாகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் 18.7.1997 முதல் நிவாரணம் உண்டு. பழைய சேவையைக் காட்டிச் சம்பளத்தைக் கூட்டி வாங்கியிருந்தால் கிடையாது. அதிகாரிகளுக்கு மறுபணி முடியும்வரை கிடையாது.

ஓய்வூதியம் கணக்கில் சேரவில்லை, சம்பளம் குறைந்தபட்சத்தில் நிர்ணயமானது என்ற இந்த இரண்டு விவரத்தையும் எழுத்தில் தரவேண்டியது புது அலுவலகம். சேர்ந்த நாள், ஊதிய நிர்ணய ஆணையின் எண், தேதி, உங்கள் ஓய்வூதிய ஆணை (பிபிஓ) எண் எல்லாம் அந்தச் சான்றில் இருக்கட்டும். அலுவலகத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். “அப்படி ஒரு ஃபாரம் இங்கே இல்லையே” என்று திருப்பி அனுப்புவார்கள். ஃபாரம் தேவையில்லை, அலுவலகக் கடிதத்தாள் போதும் என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள். எழுத்தர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்காததால் ஒரு குடும்பம் லட்சக்கணக்கில் கடன்படுவது எந்த ஊர் நியாயம்?

சான்றை ஓய்வூதியம் வழங்கும் வங்கிக் கிளையில் கொடுங்கள். பாதுகாப்புத் துறையின் ஸ்பர்ஷ் இணையதளம் வழியாக ஓய்வூதியம் பெறுபவர்கள் அதன் சேவை மையத்தில் கொடுக்கலாம். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். நவம்பர் மாத உயிர்வாழ் சான்றில் மறுபணி பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் சென்டர் பையன் கேட்காமலே குறித்துவிடுவான். பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பிடித்தக் கடிதம் வந்துவிட்டதா? மாதவாரிக் கணக்கையும் எந்த விதிப்படி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தகுதி இருந்தும் சான்று கொடுக்காதவர்கள் இப்போதாவது அதை வாங்கி மனுவுடன் இணையுங்கள். ஓய்வு பெற்றவரிடம் பிடிக்கக் கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ரஃபீக் மசீ வழக்கில் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். மிகையாக வந்தால் திருப்பித் தருவேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்று 2016-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வூதியக் கணக்கு தொடங்கும்போது வங்கி உங்களிடம் கையெழுத்து வாங்கிய தாள்களில் அந்த உறுதிமொழியும் இருக்கும்.

மனுவை நிராகரித்து இறுதி ஆணை வந்தால் ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். ஆணை கைக்கு வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள்.