செர்ரி மரமும் சரித்திரமும்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பள்ளி ஆண்டு விழாவில் ஒரு சிறு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. அது ஜார்ஜ் வாஷிங்டனுடைய வாழ்க்கை வரலாறு. அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவரான அப்பெரியார், சிறுவராக இருந்தபோது தந்தையார் ஆசையோடு வளர்த்த செர்ரி மரத்தைக் கைக்கோடரியால் வெட்டிவிட்டார். யார் செய்தது என்று தந்தையார் கேட்டபோது, சிறிதும் மறைக்காமல் உண்மையை ஒப்புக்கொண்டார். தந்தையார் சினம் தணிந்து மகனை மார்போடு அணைத்துக்கொண்டார். இந்தக் கதை என் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பிற்காலத்தில் நான் ஆசிரியனானபோது, ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லி, வாய்மையின் பெருமையை விளக்குவது என் வழக்கமாயிற்று.

ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, தோட்டத்தில் அப்பாவும் பிள்ளையும் மட்டுந்தானே இருந்தார்கள்? அவர்கள் பேசியது இதை எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "புத்தகத்தில் இருக்கிறது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு அந்த விடை என்னை உறங்கவிடவில்லை. பொய் சொல்லலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக, மெய்யா என்று நானே அறியாத ஒன்றை மெய்யென்று ஆண்டுதோறும் சொல்லிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது.

அதன் பிறகு அந்தக் கதையின் பிறப்பிடத்தைத் தேடினேன். வாஷிங்டன் 1799ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் காலமானார். மேஸன் வீம்ஸ் என்ற சமய போதகர் அவருடைய வரலாற்றை 1800ஆம் ஆண்டில் வெளியிட்டார். வீம்ஸ் வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று விற்றவர்; மக்கள் எதை விரும்பிப் படிப்பார்கள் என்பதை நன்கு அறிந்தவர். நூலின் முகப்பில் தம்மை மவுண்ட் வெர்னன் திருச்சபை வட்டத்தின் முன்னாள் போதகர் என்று குறித்துக்கொண்டார். அப்படி ஒரு வட்டமே இருந்ததில்லை.

செர்ரி மரக் கதை அந்நூலின் முதற்பதிப்பில் இல்லை. 1806ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலேதான் தலைகாட்டுகிறது. வாஷிங்டன் பிறந்தது 1732இல். கதை நடந்தபோது அவருக்கு வயது ஆறு என்கிறார் வீம்ஸ். ஆகவே நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே ஏறக்குறைய அறுபத்தெட்டு ஆண்டுகள் இருக்கின்றன. சான்று யார் என்றால், வாஷிங்டன் குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு முதிய அம்மையார் என்று மட்டும் எழுதுகிறார், பெயர் இல்லை. தந்தையோ 1743இலேயே இறந்துவிட்டார். வாஷிங்டனும் இதைப் பற்றி எங்கும் எழுதவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வீம்ஸின் நூலில் மரம் வெட்டுண்டு விழவே இல்லை, பட்டைதான் உரிந்துபோயிற்று. பின்னர் எழுதியவர்கள் மரத்தையே சாய்த்துவிட்டார்கள். மக்கஃபி என்பவர் தொகுத்த பள்ளிப் பாடநூல்கள் இந்தக் கதையை அமெரிக்கப் பிள்ளைகள் பலர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அங்கிருந்து அது கடல் கடந்து என் பரிசுப் புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட முதற்பாடம், அந்த மாணவன் கேட்ட கேள்விதான். வாழ்க்கை வரலாற்றில் எந்த நிகழ்ச்சியைப் படித்தாலும், இதைக் கண்டவர் யார், எழுதப்பட்டது எப்போது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் காற்றாடி விட்ட கதையை எடுத்துக்கொள்வோம். இடிமழையில் ஒரு முதியவர் பட்டம் விடுவதும், பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்பதுமான படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இச்சோதனை 1752ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்தது என்பர். அவ்வாண்டு அக்டோபர் 19ஆம் நாள் பிராங்க்ளின் தம் செய்தித்தாளில் ஒரு சுருக்கமான குறிப்பை வெளியிட்டார். சோதனையைச் செய்வது எப்படி என்று அதில் விளக்கினாரேயன்றி, தாமே செய்ததாக எழுதவில்லை. விரிவான வருணனை பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1767இல், ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் எழுதிய மின்சார வரலாற்றில் வருகிறது. அவர் பிராங்க்ளினுடைய நண்பர்; ஆகவே அது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் உடனிருந்த மகன் வில்லியம் சிறுவனல்லன். இருபது வயதைக் கடந்த இளைஞன். 1876இல் விற்பனைக்கு வந்த ஓர் அச்சுப் படம் அவனைச் சிறுவனாகக் காட்டிற்று. காற்றாடியின்மேல் மின்னல் நேராக இறங்கிற்று என்பதும் பிழை. மேகத்திலுள்ள மின்சாரம் நனைந்த நூலின் வழியாகச் சிறிதளவு இறங்கிற்று, அவ்வளவே. மின்னல் நேராகத் தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு, 1753இல் இத்தகைய ஆராய்ச்சியிலேயே உயிரிழந்த ரஷ்ய நாட்டு விஞ்ஞானி ரிக்மனின் முடிவே போதும். இங்கே கதை முழுப் பொய்யன்று. மெய்யான ஒரு வித்தின்மேல் கற்பனை படர்ந்திருக்கிறது. வெகுஜன வரலாறுகளில் இவ்வகையே மிகுதி.

கண்ணால் கண்டவர் சொன்னால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் 1776ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உறுப்பினர்களிற் பெரும்பாலோர் அதில் கையொப்பமிட்டதோ ஆகஸ்ட் 2ஆம் நாள். ஆயினும், கையொப்பமிட்டவர்களான ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெபர்சனும் பிற்காலத்தில், ஜூலை 4ஆம் நாளே கையொப்பமிட்டதாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பொய்யர்களல்லர். காலம் செல்லச் செல்ல நினைவு தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆகையால் முதுமையில் எழுதிய நினைவுரையைக் காட்டிலும், அன்றன்று எழுதிய கடிதத்துக்கும் நாட்குறிப்புக்கும் மதிப்பு மிகுதி.

இரண்டாவது பாடம், உரையாடல்களைப் பற்றியது. வாஷிங்டனும் அவர் மனைவி மார்த்தாவும் தனிமையில் பேசியதை அப்படியே எழுதிக் காட்டும் நூல் ஒன்றைக் கண்டால், சற்றே நிற்க வேண்டும். கணவர் இறந்த பின், தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை மார்த்தா அம்மையார் எரித்துவிட்டார். தப்பிப் பிழைத்தவை மிகச் சில. கடிதமே இல்லாதபோது உரையாடல் எங்கிருந்து வந்தது? ஆசிரியரின் மனத்திலிருந்துதான். அதை நாவல் என்று சொல்லி எழுதினால் குற்றமில்லை. வரலாறு என்று சொல்லி விற்றால்தான் குற்றம்.

மேடை நாடகமும் இத்தகையதே. அலெக்ஸாண்டர் ஹாமில்டனைப் பற்றி ரான் செர்னோ 2004இல் எழுதிய பெரிய நூல், ஏராளமான மேற்கோள் குறிப்புகளைக் கொண்டது. அதைத் தழுவி 2015இல் அரங்கேறிய இசை நாடகம் உலகப்புகழ் பெற்றது. ஹாமில்டனுடைய மைத்துனி ஏஞ்சலிகா, தம் தந்தைக்கு ஆண்மக்கள் இல்லை என்று அதில் பாடுகிறார், திருமணமாகாதவராகவும் வருகிறார். உண்மையில் அவருக்கு உடன்பிறந்த சகோதரர்கள் இருந்தனர். ஹாமில்டன் அக்குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பிய 1780ஆம் ஆண்டுக்கு முன்பே அவருக்குத் திருமணமாகிவிட்டது. நாடகத்துக்குச் சுவை வேண்டும்; அதற்கு அந்த உரிமை உண்டு. நாடகம் பார்த்தவர் வரலாறு படித்துவிட்டதாக எண்ணிக்கொள்வதிலேதான் இடர் இருக்கிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, எல்லாவற்றையும் ஐயுறுவதே அறிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம்புவதற்குச் சான்று வேண்டுமானால், மறுப்பதற்கும் சான்று வேண்டும். இதை எனக்கு உணர்த்தியது ஜெபர்சனுடைய வரலாறு.

மனிதர் யாவரும் சமம் என்று பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். அவர்களுள் ஒருவர் ஸாலி ஹெமிங்ஸ் என்ற பெண். அப்பெண்ணின் மக்களுக்கு ஜெபர்சனே தந்தை என்று 1802இல் காலண்டர் என்ற பத்திரிகையாளர் எழுதினார். அவர் ஜெபர்சனிடம் பகை கொண்டவர். ஆகவே வரலாற்றாசிரியர்கள் அதை அவதூறென்று தள்ளினார்கள். 1873இல் ஸாலியின் மகன் மாடிஸன் ஹெமிங்ஸ், ஒஹையோ மாநிலத்துச் செய்தித்தாள் ஒன்றில், ஜெபர்சனே தம் தந்தை என்று தம் வரலாற்றைச் சொன்னார். அதையும் தள்ளினார்கள். ஜெபர்சனுடைய பேரப்பிள்ளைகளோ, குற்றம் அவருடைய சகோதரியின் மகன்மேல் என்றார்கள். அவர்களுள் ஒருவர் பீட்டர் கார் என்றார். மற்றவர் சாமுவேல் கார் என்றார். சாட்சிகள் ஒருவரோடொருவர் முரண்பட்டும், பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அவர்களையே நம்பினார்கள்.

1997ஆம் ஆண்டு, சட்டப் பேராசிரியர் அனெட் கார்டன்-ரீட் அம்மையார் ஒரு நூல் எழுதினார். இருதரப்புச் சாட்சியங்களையும் ஒரே தராசில் நிறுத்தாமல், அடிமையின் சொல்லுக்கு ஓர் அளவும் ஆண்டையின் குடும்பத்தார் சொல்லுக்கு வேறோர் அளவும் வைத்திருந்தார்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மறு ஆண்டே மரபணுச் சோதனை நடந்தது. ஸாலியின் கடைசி மகன் எஸ்டனுடைய வழிவந்தவரின் மரபணு ஜெபர்சன் குலத்தோடு பொருந்திற்று. கார் குலத்தோடு பொருந்தவில்லை. இச்சோதனை குலத்தைக் காட்டுமேயன்றி, தனி மனிதரைச் சுட்டிக் காட்டாது. ஆனால் ஸாலியின் ஒவ்வொரு குழந்தையும் கருவான காலத்தில் ஜெபர்சன் தம் மான்டிசெல்லோ மாளிகையில் இருந்தார் என்பதைப் பதிவேடுகள் காட்டுகின்றன. இவற்றையெல்லாம் சேர்த்து ஆராய்ந்து, அம்மாளிகையைப் பாதுகாக்கும் அறநிலையமே 2000ஆம் ஆண்டில், எஸ்டனுக்கு அவரே தந்தையாக இருந்திருக்கக் கூடும் என்பது மிகவும் வலுவானது என்றும், ஸாலியின் ஆறு குழந்தைகளுக்கும் அவரே தந்தை என்று கொள்வதே பொருந்தும் என்றும் அறிவித்தது. இன்னும் மறுப்பவர் சிலர் உண்டு. ஆயினும், அடிமையின் மகன் சொன்ன உண்மையை உலகம் காதில் வாங்க நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பாருங்கள்.

செர்ரி மரக் கதையை நம்பியதற்கும், மாடிஸன் ஹெமிங்ஸை நம்ப மறுத்ததற்கும் காரணம் ஒன்றேதான். இரண்டிலும், நாம் விரும்பிய வாஷிங்டனையும் நாம் விரும்பிய ஜெபர்சனையும் காக்க முயன்றோம். ஒரு செய்தி நமக்கு மிகவும் இனிக்கும்போதும், மிகவும் கசக்கும்போதும், அப்போதுதான் சான்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, இதற்குப் பெரும்புலமை வேண்டியதில்லை. வாழ்க்கை வரலாறு ஒன்றைக் கையில் எடுத்தவுடன், கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். குறிப்புகள் இருக்கின்றனவா? அவை கடிதங்களையும் பதிவேடுகளையும் சுட்டுகின்றனவா, அல்லது மற்றோர் வெகுஜன நூலையே சுட்டுகின்றனவா என்று பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியர் சொல்கிறாரா என்றும் பாருங்கள். ஹாமில்டன் பிறந்தது 1755ஆ 1757ஆ என்பது இன்றும் முடிவாகவில்லை. இதைச் சொல்லி, தாம் எதை ஏன் கொள்கிறார் என்று விளக்கும் ஆசிரியரை நம்பலாம். ஐயமேயின்றி ஒன்றை மட்டும் எழுதிச் செல்பவரிடம் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். மேலும், வாஷிங்டன், ஆடம்ஸ், பிராங்க்ளின், ஹாமில்டன், ஜெபர்சன், மாடிஸன் ஆகியோரின் கடிதங்களை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 2013ஆம் ஆண்டு இணையத்தில் திறந்து வைத்தது. அவற்றைப் படிக்கக் கட்டணமில்லை. ஒரு பெரியார் சொன்னதாக ஒரு பொன்மொழியைக் கண்டால், அவருடைய எழுத்தில் அது இருக்கிறதா என்று ஒரு கல்லூரி மாணவன் தன் அறையிலிருந்தே தேடிப் பார்த்துவிடலாம். எனக்கு அந்தப் பேறு அந்த வயதில் வாய்க்கவில்லை.

செர்ரி மரக் கதையை நான் இன்றும் வகுப்பில் சொல்லுகிறேன். ஆனால் முன்போல் தொடங்குவதில்லை. "1806ஆம் ஆண்டில் வீம்ஸ் என்ற ஒருவர், வாஷிங்டனைப் பற்றி இப்படி ஒரு கதை எழுதினார்" என்று தொடங்குகிறேன். கதை முடிந்ததும், அன்று அந்த மாணவன் கேட்ட கேள்வியை நானே கேட்டுவிட்டு, பிள்ளைகள் விடை சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.