நாற்பதுக்கு மேல் நுண்கலைக் கல்வி

தமிழில் ‘கலை’ என்ற சொல் ஒன்றே. அது சுமக்கும் பொருள்களோ பல. சரித்திரமோ பொருளாதாரமோ பயின்று பி.ஏ. பட்டம் பெற்றவரைக் கலைப் பட்டதாரி என்கிறோம். தூரிகையும் உளியும் பிடித்துப் பயின்றவரையும் கலை பயின்றவர் என்றே சொல்லுகிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்த அன்றுதான் நன்கு விளங்கிற்று. முதுநிலை ஓவிய வகுப்புக்கு வேண்டிய தகுதி என்ற இடத்தில், ‘நுண்கலையில் இளநிலைப் பட்டம்’ என்று கண்டிருந்தது. நான் கலைப் பட்டதாரிதான். ஆனால் அந்தக் கலையில் அன்று.

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள், இளமையில் சித்திரம் தீட்டுவதில் ஆர்வம் மிகுந்திருந்தும், ‘முதலில் ஓர் உத்தியோகம்’ என்ற பெரியோர் சொல்லுக்குப் பணிந்து அந்த ஆர்வத்தைக் கட்டி வைத்தவர்கள் பலர். பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுக் கடன் குறைந்து, மாலை வேளைகள் சற்றே கைக்கு மீளும்போது பழைய ஆசை திரும்பி வருகிறது. அப்பொழுது எழும் கேள்விகள் மூன்று. இந்த வயதில் சேர்ப்பார்களா? எதைக் காட்டிச் சேர்வது? குடும்பத்தை எவ்வாறு நடத்துவது? இம்மூன்றையும் வரிசையாக நோக்குவோம்.

முதற் கேள்விக்கு விடை எளிது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை வகுப்புகளுக்குப் பொதுவாக மேல்வயது வரம்பு இல்லை. மேலும், பிற துறைகளிலிருந்து தாமதமாக வந்தவர்கள் நம் ஓவிய உலகத்துக்குப் புதியவர்களும் அல்லர். கோயம்புத்தூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், தந்தையை இழந்து, பதினெட்டாம் வயதில் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தது 1936-இல். பின்னாளில் அப்பள்ளிக்கே தலைவராகி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர் அவரே. கே. ஜி. சுப்பிரமணியன் 1924-இல் வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, விடுதலைப் போரில் சிறை சென்று, 1944-இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை அடைந்தார். பிறகு பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் பல தலைமுறை மாணவர்களுக்கு ஆசிரியராக விளங்கினார். கிருஷன் கன்னா தமது வங்கி உத்தியோகத்தை விட்டு முழுநேர ஓவியரானது 1961-இல். அப்பொழுது அவருக்கு வயது 36. கலாபவனத்தை 1919-இல் தோற்றுவித்த இரவீந்திரநாத தாகூரோ, தமது ஓவியங்களை முதன்முதலாகப் பாரிஸ் நகரில் காட்சிக்கு வைத்தது 1930-இல், 69-ஆம் வயதில்.

ஆகவே தடையாவது வயது அன்று. தடை எங்கேயிருக்கிறதென்றால், முன்பே நான் குறிப்பிட்ட தகுதிப் பத்தியில் இருக்கிறது. எம்.எஃப்.ஏ., எம்.வி.ஏ. என்று வழங்கும் முதுநிலைப் படிப்பு இரண்டாண்டுக் காலம் நடப்பது. அதற்கு அடிப்படையாக நான்காண்டு இளநிலை நுண்கலைப் பட்டத்தையே பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. அப்பட்டம் இல்லாதவர்க்கு மூன்று வழிகள் உள்ளன. இளநிலை வகுப்பிலிருந்தே தொடங்குவது ஒன்று. இது நான்காண்டுச் சிரமம். செய்முறை ஓவியத்தை விட்டு, கலை வரலாறு, கலைக் கோட்பாடு ஆகியவற்றில் முதுநிலைப் படிப்பை நாடுவது மற்றொன்று. டில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2001-இல் தொடங்கிய கலை, அழகியல் பள்ளி இத்தகையது. எத்துறைப் பட்டதாரியும் அங்கே விண்ணப்பிக்கலாம். மூன்றாவது வழி புதிது. பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்ட வரையறை, ஒருவர் இளநிலையில் எத்துறையைப் பயின்றிருந்தாலும், உரிய நுழைவுத் தேர்வில் தேறினால் வேறு துறையின் முதுநிலை வகுப்பில் சேர இடம் தருகிறது. ஆயினும், கதவு திறக்கலாம் என்று சொல்லுவது வேறு, கதவைத் திறப்பது வேறு. ஒவ்வொரு கல்லூரியும் அவ்வாண்டு வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டைப் படித்து, ஐயமிருப்பின் எழுத்து மூலம் கேட்டுப் பதிலையும் எழுத்து மூலமே பெறுவது நலம். சில மத்தியப் பல்கலைக்கழகங்கள் 2022 முதல் முதுநிலைச் சேர்க்கைக்குப் பொது நுழைவுத் தேர்வைப் பயன்படுத்துகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி இரண்டாம் கேள்வி: எதைக் காட்டுவது? நுண்கலைச் சேர்க்கையில் மதிப்பெண் பட்டியலை விட முக்கியமானது ஓவியத் தொகுப்பு. வயதில் மூத்தவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். என் அநுபவத்தையே சொல்லுகிறேன். மாலை வகுப்பு ஒன்றில் சில காலம் பயின்ற பிறகு, என் நீர்வண்ணப் படங்களில் சிறந்தவை என்று நான் கருதிய இருபதைக் கட்டாகக் கட்டி, அனுபவம் மிக்க ஓர் ஆசிரியரிடம் எடுத்துச் சென்றேன். கோபுரங்கள், தெப்பக்குளம், நாட்காட்டி ஒன்றிலிருந்து பெயர்த்தெழுதிய மலைக் காட்சி, யாவும் மிகச் சுத்தமாக இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, “இதை வரைந்தபோது நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்பினீர்கள்?” என்று ஒரே கேள்வியைக் கேட்டார். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. கட்டின் அடியில், தாள்கள் மடங்காதிருக்க நான் வைத்திருந்த பழைய காகிதங்கள் சில இருந்தன. குளிர்காலக் காலைகளில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை அக்காகிதங்களின் பின்புறத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தேன். அவற்றைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். கம்பளிக்குள் ஒடுங்கி நிற்கும் மனிதனின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்க்க முயன்றதாகச் சொன்னேன். “இவற்றில் இன்னும் நூறு போடுங்கள். அதன் பிறகு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம்” என்றார்.

அந்த அறிவுரையின் உட்பொருள் எனக்கு மெதுவாகவே விளங்கிற்று. பல்லாண்டு உத்தியோகம் நமக்குக் கற்பிப்பது பிழையின்மை. அடித்தல் திருத்தல் இல்லாத கோப்பே நல்ல கோப்பு. முதுநிலை நுண்கலை வகுப்போ, முடிந்துபோன திறமையைப் பாராட்டும் இடம் அன்று. முடியாத ஒரு தேடலுக்கு இரண்டாண்டு இடம் கொடுக்கும் இடம். தேர்வாளர்கள் நம்மிடம் காண விரும்புவது அந்தத் தேடல் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளத்தை.

எனவே தொகுப்பில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வரைந்தவையே இடம்பெறட்டும். பள்ளிப் பருவத்துப் பரிசுப் படம் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும். பதினைந்து அல்லது இருபது படைப்புகள் போதும். குறிப்பேடு எத்தனை வேண்டுகிறதோ அதை மீற வேண்டா. அவற்றுள் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப ஆராயும் வரிசை ஒன்றேனும் இருப்பது நன்று. நேரில் கண்டு வரைந்தவை, புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவற்றைக் காட்டிலும் மதிப்புப் பெறும். கோட்டுச் சித்திரக் குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்லலாம். படங்களைப் புகைப்படமாக அனுப்ப வேண்டியிருந்தால், கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ஊடகம், சென்டிமீட்டரில் அளவு, ஆண்டு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

தொகுப்போடு ஒரு நோக்க உரையும் கேட்பார்கள். ‘சிறுவயது முதலே எனக்கு ஓவியத்தில் நாட்டம்’ என்று அதைத் தொடங்குதல் வேண்டா. வந்தவர் அனைவருக்கும் அந்த நாட்டம் உண்டு. இப்பொழுது எதில் ஈடுபட்டிருக்கிறீர்கள், எங்கே சிக்கி நிற்கிறீர்கள், அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களிடமும் பட்டறைகளிடமும் எதைப் பெற விழைகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். நேர்முகத் தேர்வில், அண்மையில் கண்ட கண்காட்சிகளைப் பற்றிக் கேட்பதுண்டு. டில்லி, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களில் இருப்பவர்களுக்கு அங்குள்ள தேசிய நவீன கலைக்கூடமே நல்ல பாடசாலை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று ஒரே படத்தின் முன் அரைமணி நேரம் நின்றாலும் அது வீண்போகாது.

சேர்ந்த பிறகு வகுப்பறை எவ்வாறு இருக்கும் என்பதை அறிய, அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியை நெல் பெயின்டர் 2018-இல் வெளியிட்ட நினைவு நூல் உதவுகிறது. 1942-இல் பிறந்த அவர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதைக் கடந்த பின் நுண்கலையில் முதலில் இளநிலைப் பட்டமும் பிறகு முதுநிலைப் பட்டமும் பெற்றார். தம் கண்கள் இருபதாம் நூற்றாண்டில் பழகிய கண்கள் என்பதையும், உடன் பயின்ற இளைஞர் மெச்சியது வேறாக இருந்ததையும், ‘நீங்கள் ஒருநாளும் கலைஞராக முடியாது’ என்று ஓர் ஆசிரியர் கூறியதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நம் மகன், மகள் வயதினரோடு ஒரே ஸ்டூடியோவில் தரையில் அமர்ந்து, நம் படத்தை அவர்கள் குறைகூறக் கேட்பது எளிதன்று. அலுவலகத்தில் நமக்குள்ள பதவி அங்கே செல்லாது. அதைக் கேட்டுப் பொறுத்துக்கொள்ளும் மனம் இருக்கிறதா என்பதை மாலை வகுப்பு ஒன்றிலேயே சோதித்துக் கொள்ளலாம். டில்லியில் சுந்தரி ஸ்ரீதராணி 1950-இல் நிறுவிய திரிவேணி கலா சங்கம் போன்ற அமைப்புகள் இதற்கு வாய்ப்பளிக்கின்றன.

வெளி மாநிலத்துத் தமிழர்க்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். அது சான்றிதழ்த் தொல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் சேரும்போது, முன்பு பயின்ற பல்கலைக்கழகத்தின் இடம்பெயர்வுச் சான்றிதழைக் கேட்பார்கள். இருபதாண்டுகளுக்கு முன் பட்டம் வாங்கியவர் அதைப் பெற்றிருக்கவே மாட்டார். அல்லது எங்கோ வைத்து மறந்திருப்பார். சேர்க்கை அறிவிப்பு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதற்கு எழுதிவிட வேண்டும். அடுத்தது பெயர். நம் சான்றிதழில் ஓர் எழுத்துத் தலைப்பும் பெயரும் இருக்கும். ஆதார் அட்டையில் தந்தை பெயர் விரிந்து நிற்கும். வட நாட்டுப் படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கும். மூன்றும் ஒருவரே என்பதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் முன்கூட்டியே தயாராக இருந்தால் கடைசி நேரத்து அலைச்சல் மிஞ்சும். மாநில அரசுக் கல்லூரிகளில் அம்மாநிலத்தார்க்கென இடங்கள் ஒதுக்கப்படுவதுண்டு. நெடுநாள் அங்கேயே வசிப்பவர் வசிப்பிடச் சான்று பெற இயலுமா என்று விசாரிப்பது பயன் தரும்.

மூன்றாம் கேள்வி வயிற்றுப்பாடு. மத்திய அரசு ஊழியர்க்கு 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் படிப்பு விடுப்பு உண்டு. ஐந்தாண்டுப் பணி முடித்திருக்க வேண்டும். திரும்பி வந்த பின் ஓய்வு பெற மூன்றாண்டுகளேனும் மிஞ்ச வேண்டும். திரும்பியதும் பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் சாதாரணமாகப் பன்னிரண்டு மாதமும், பணிக்காலம் முழுவதிலும் இருபத்து நான்கு மாதமும் கிடைக்கும். அக்காலத்தில் சம்பளமும் உண்டு. ஆனால் படிப்புக்கும் பணிக்கும் நெருங்கிய தொடர்பு வேண்டும் என்பதே பொது விதி. மனத்தை விரிவாக்கிப் பணித்திறனை உயர்த்தும் படிப்புக்கும் விதியில் இடமிருக்கிறது. ஆயினும் ஓவியத்துக்கு அதைப் பெறுவது துறையின் மனத்தைப் பொறுத்தது. கிடைக்காவிடில் எஞ்சுவது சம்பளமில்லா விடுப்பு. எவ்வகையாயினும், முன் அனுமதி பெறாமல் சேர்வது கூடாது. இரண்டாண்டுச் செலவையும், இழக்கும் வருமானத்தையும், பெற்றோரின் மருத்துவத்தையும், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதி, மனைவியோ கணவரோ உடனிருக்கக் கணக்கிட வேண்டும். பட்டம் பெற்றபின் வருமானம் பெருகும் என்று அந்தக் கணக்கில் ஒரு வரி எழுதுவது தவறு. அது இல்லாமலே கணக்கு நேரானால்தான் இறங்கலாம்.

என் கணக்கு இவ்வாண்டு நேராகவில்லை. இளைய மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டாண்டு ஆகும். அதுவரை பேருந்து நிறுத்தத்துப் படங்கள் நடக்கின்றன. நூறு என்றார் ஆசிரியர். அறுபத்து மூன்று முடிந்திருக்கின்றன. இடம்பெயர்வுச் சான்றிதழுக்குச் சென்ற மாதம் எழுதிவிட்டேன். இவ்வெண்ணம் கொண்ட அன்பர்களும் இவ்விரண்டையும் இம்மாதமே தொடங்கலாம். இவற்றுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. நுழைவுத் தேர்வும் இல்லை.