உலகச் சாதனையாளரின் காலணி நமக்கு எதற்கு?

நெடுந்தொலைவு ஓட்டம் இன்று விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே உரியதன்று. ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானின் தொடக்கக் கோட்டில் வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், பணி ஓய்வு பெற்றவர்கள் என ஆயிரக்கணக்கானோர் நிற்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பரிசுக்காக ஓடுபவர்கள் அல்லர்; நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் தள்ளிப்போட ஓடுபவர்கள். இவர்களைச் சுற்றி இப்போது பெரும் சந்தை ஒன்று வளர்ந்து நிற்கிறது: கார்பன் தகடு பதித்த காலணிகள், ஜெல் பொட்டலங்கள், உப்பு மாத்திரைகள், புரதப் பொடிகள், இவற்றை விமர்சிக்கும் காணொளிகள்.

42.195 கிலோ மீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் முடிக்கும் சாதாரண ஓட்டக்காரன் நான். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சந்தையில் விற்கப்படும் பொருள்களும் அறிவுரைகளும் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் ஓடி முடிப்பவரை மனதில் கொண்டு உருவானவை. ஐந்து மணி நேரம் வெயிலிலும் புழுக்கத்திலும் ஓடுபவரின் சிக்கல்கள் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் இருந்தால் பணம் மட்டுமல்ல, சில வேளைகளில் உயிரும் விலையாகிவிடும்.

காலணியின் நான்கு விழுக்காடு: 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றார். 2017இல் நைகி நிறுவனம் கார்பன் தகடும் தடித்த நுரையும் கொண்ட காலணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றலை அது சராசரியாக 4 விழுக்காடு குறைக்கிறது என்ற ஆய்வு முடிவு, அந்தக் காலணியின் பெயரிலேயே இடம்பெற்றது. போட்டியின் சமநிலை குலையும் என்ற விவாதம் எழ, 2020இல் உலகத் தடகள அமைப்பு அடித்தடிமனுக்கு 40 மில்லி மீட்டர் வரம்பு விதித்தது.

அந்த 4 விழுக்காடு யாரை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதே கேள்வி. ஆய்வில் ஓடியவர்கள் 18 பேர். மணிக்கு 14 முதல் 18 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய தேர்ந்த வீரர்கள். இவ்வகைக் காலணியை மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சோதித்த பிந்தைய ஆய்வில், பயன் சராசரியாக 1 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஐந்து மணி நேரத்தில் முடிப்பவரின் வேகம் அதைவிடவும் குறைவு. இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும் விலையில் அவர் வாங்குவது பெரும்பாலும் மனநிறைவைத்தான்.

பாதத்தின் வளைவுக்கேற்பக் காலணி தேர்ந்தால் காயம் குறையும் என்பது கடைகளில் கேட்கும் மற்றொரு வாக்குறுதி. அமெரிக்கப் படைகளில் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கானோரிடம் இது சோதிக்கப்பட்டது. காயங்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதற்கு நேர்மாறான வாக்குறுதியும் நிற்கவில்லை. வெறுங்கால் ஓட்டத்தைப் போற்றும் அலை வீசிய காலத்தில், காலுறை போன்ற காலணிகளை விற்ற விப்ரம் நிறுவனம் அவை பாதத்தை வலுப்படுத்தும் என்று விளம்பரம் செய்தது. அதற்கு ஆதாரமில்லை என்று தொடரப்பட்ட வழக்கை, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, 2014இல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி அந்நிறுவனம் முடித்துக்கொண்டது. அணிந்து நாலடி ஓடிப் பார்க்கும்போது உறுத்தாத காலணியே நல்ல காலணி. காயங்களைப் பெரிதும் தீர்மானிப்பது, ஓடும் தொலைவை எவ்வளவு அவசரமாகக் கூட்டுகிறோம் என்பதுதான்.

தண்ணீரும் உயிரை எடுக்கும்: காலணியில் ஏமாந்தால் இழப்பு பணத்தோடு போகும். நீரிலும் உப்பிலும் அப்படியல்ல. 1965இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் குழுவினர், கால்பந்து அணிக்காக உப்பும் சர்க்கரையும் கலந்த ‘கேட்டரேட்’ பானத்தை உருவாக்கினர். அதன் பின்னர் விளையாட்டுப் பானங்கள் பெருந்தொழிலாயின. 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வியர்வையில் இழக்கும் நீர் முழுவதையும், அல்லது தாங்கக்கூடிய உச்ச அளவை அருந்துமாறு அறிவுறுத்தியது. ‘தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள்’ என்பது ஓட்டக்காரர்களின் வேதவாக்கானது.

2002 பாஸ்டன் மாரத்தானில் இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். காரணம் நீரிழப்பு அல்ல. அளவுக்கு மீறி அருந்திய பானத்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கியது. ‘ஹைப்போநட்ரீமியா’ என்று மருத்துவர்கள் இதை அழைப்பர். அதே போட்டியில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. அவர்களுள் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் ஆபத்து அதிகம் எனத் தெரியவந்தது. முன்வரிசை வீரருக்கு நின்று குடிக்க நேரமில்லை. நம்மைப் போன்ற மெதுவான ஓட்டக்காரருக்கோ ஒவ்வொரு நீர்ப்பந்தலும் ஓய்விடம். 2007இல் அக்கல்லூரி தன் அறிவுரையை மாற்றி, எடை கூடும் அளவுக்குக் குடிப்பதைத் தவிர்க்கச் சொன்னது.

விளையாட்டுப் பானம் இதிலிருந்து காக்காதா என்று கேட்கலாம். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கிறது. வழக்கமான விளையாட்டுப் பானத்தில் சுமார் 20. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்.ஸில் 75. எனவே, விளையாட்டுப் பானத்தையும் மிகுதியாகக் குடித்தால் ரத்தத்தின் சோடியம் நீர்த்தே போகும். பாஸ்டன் ஆய்வு காட்டியதும் அதுவே. நம் நாட்டில் இன்னொரு குழப்பமும் இருந்தது. சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி விற்பனையாயின. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் நெடிய போராட்டத்துக்குப் பின், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அதற்குத் தடை விதித்தது.

இதனால் நீரிழப்பு பொய்யாகிவிடாது. நம் கடலோர நகரங்களில் விடியற்காலையிலும் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். வழிந்து சொட்டினால் குளிராது. ஒருவர் மணிக்கு அரை லிட்டரும் இன்னொருவர் இரண்டு லிட்டரும் இழக்கக்கூடும். ஆகவே, எல்லாருக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதே எளிய வழி. ஒரு கிலோ குறைந்தால், அருந்திய நீருக்கும் மேலாக ஏறத்தாழ ஒரு லிட்டர் வெளியேறியிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இடையில் தாகமே வழிகாட்டி. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. உப்பிட்ட நீர்மோர் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டலாகாது.

பொடியும் மாத்திரையும்: ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் துணை உணவுகளை அறிவியல் சான்றின் அடிப்படையில் நான்கு பிரிவுகளாக வகுத்திருக்கிறது. வலுவான சான்றுள்ள முதல் பிரிவில் காபியிலேயே கிடைக்கும் கஃபைன், பீட்ரூட் சாறு, மாவுச்சத்து ஜெல் முதலியவை உள்ளன. உடற்பயிற்சிக் கூடங்களில் பரவலாக விற்கப்படும் பிசிஏஏ அமினோ அமிலப் பொடி, பயனுக்குச் சான்று போதாத மூன்றாம் பிரிவில் இருக்கிறது. முதல் பிரிவில் இருப்பதாலேயே ஒன்றை விலை கொடுத்து வாங்கியாக வேண்டும் என்பதுமில்லை. ஒரு ஜெல் பொட்டலத்தின் மாவுச்சத்து 20 முதல் 25 கிராம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவே.

பொடியைவிட என்னை அச்சுறுத்துவது வலி நிவாரணி. முழங்கால் வலிக்குமே என்று போட்டிக்கு முன்பே மாத்திரை விழுங்குவோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். 2017இல் வெளியான ஆய்வொன்றில், 80 கி.மீ. ஓடிய 89 பேருள் ஒரு பிரிவினருக்கு இபுபுரூஃபனும் மற்றவருக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி முதல் பிரிவில் 52 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 34 விழுக்காட்டினருக்கும் தென்பட்டது. நீண்ட ஓட்டமே சிறுநீரகத்துக்குச் சுமை; வெப்பமும் நீரிழப்பும் அதைக் கூட்டும். அதன்மேல் இந்த மாத்திரையையும் ஏற்றுவது வீண் துணிச்சல்.

யார் சொல்கிறார், யார் பணம் தருகிறார்: ஓட்டக்காரர்களுக்கு இவை சென்று சேராததற்குக் காரணம் உண்டு. எடை பார்க்கும் கருவியைப் பரிந்துரைப்பதால் யாருக்கும் வருமானமில்லை; காலணியைப் பரிந்துரைத்தால் உண்டு. பணமோ பொருளோ பெற்றுப் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் விதி வகுத்தது. உடல்நலம் பற்றி விளம்பர அறிவுரை தருவோர் தம் தகுதியையும் தெரிவிக்க வேண்டும் என 2023இல் சேர்த்தது. இலவசமாக வந்த காலணியைப் புகழும் காணொளியைப் பார்க்கும்போது இவ்விரண்டு விதிகளையும் நினைவில் கொள்வது நல்லது.

போட்டி நடத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. நீர்ப்பந்தலில் தண்ணீரோடு உப்பும் வேண்டும். ‘தாகத்துக்கு மட்டும் அருந்துங்கள்’ என்ற அறிவிப்பு வேண்டும். வெப்பவாதத்தில் உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, மனம் தடுமாறும். அப்போது முதலில் செய்ய வேண்டியது உடலைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது; ஆம்புலன்ஸ் பயணம் அதற்குப் பின்புதான். பதக்கத்துக்கும் டி-ஷர்ட்டுக்கும் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும், பனிக்கட்டி நிறைந்த சில தொட்டிகளை முடிவுக் கோட்டில் வைக்க. அடுத்த போட்டிக்குப் பெயர் பதியும் முன், காலணியின் விலையை விசாரிப்பதுபோல் அந்தத் தொட்டி இருக்கிறதா என்றும் ஓட்டக்காரர்கள் விசாரிக்கத் தொடங்க வேண்டும்.