ராணுவத்தில் மருந்தாளுனர் வேலை: ஓடினா மட்டும் போதாது, புத்தகத்தையும் புரட்டணும்!

புதுக்கோட்டை:
புதுக்கோட்டை மாவட்டத்தில் டி.பார்ம், பி.பார்ம் முடித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கும் வாலிபர்கள் ஏராளம். இவர்களுக்கு ராணுவத்தில் ஒரு தனி வாசல் இருக்கிறது. அதன் பெயர் 'சிப்பாய் பார்மா'.

2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேருபவர்களுக்கு 4 வருடம்தான் பணி. அதன்பிறகு 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். ஆனால் சிப்பாய் பார்மா அந்தக் கணக்கில் வராது. இது வழக்கமான ராணுவப் பணி. ராணுவ மருத்துவப் படையில் வேலை.

யார் எழுதலாம்?

ஆண்கள் மட்டும். வயது 19 முதல் 25 வரை. பிளஸ்-2 முடித்து, டி.பார்மில் 55 சதவீதம் அல்லது பி.பார்மில் 50 சதவீத மார்க் வேண்டும். அதோடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்திருக்கணும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். படிப்பு முடிந்ததும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதிவைத் தள்ளிப்போட்டால் அறிவிப்பு வரும்போது கையில் சான்றிதழ் இருக்காது. வயசும் காத்திருக்காது.

முதலில் பரீட்சை

முன்பெல்லாம் முதலில் ஓட்டம், கடைசியில் எழுத்துத் தேர்வு. 2023 முதல் அது தலைகீழ். கம்ப்யூட்டர் தேர்வில் தேறினால்தான் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள்.

பொது அறிவு, கணக்கு இவற்றோடு பார்மசி பாடமும் உண்டு. பார்மசூட்டிக்ஸ், பார்மகாலஜி, மருந்து வேதியியல், உடற்கூறு, மருந்துச் சட்டம் எல்லாவற்றையும் திருப்பிப் படிக்கணும். ஒரு சாம்பிள்: 500 மி.லி. தண்ணீரில் 0.9 சதவீத சலைன் தயாரிக்க எவ்வளவு உப்பு வேண்டும்? 100 மி.லி.க்கு 0.9 கிராம். ஆக 4.5 கிராம். இன்சுலினை எத்தனை டிகிரியில் வைக்கணும்? 2 முதல் 8. கடையில் தினமும் கையாளும் மருந்தையே படிப்பாக மாற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தப்பான விடைக்கு மார்க் குறையும். தெரியாததை குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீங்க.

ஓட்டத்தையும் விடாதீங்க

1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முதல் குரூப். பீம் 10 எடுத்தால் முழு மார்க். 9 அடி பள்ளம் தாண்டணும், ஜிக்ஜாக் கட்டையில் விழாமல் நடக்கணும். நெஞ்சு 5 செ.மீ. விரியணும். கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு ரிசல்ட் வந்தபிறகு ஓடலாம் என்றால் மூச்சு வாங்கும். இன்றைக்கே காலையில் கொஞ்சம் ஓட ஆரம்பிப்பது நல்லது. என்.சி.சி. சான்றிதழ் இருந்தால் போனஸ் மார்க் உண்டு.

புரோக்கர் உஷார்!

"மேலிடத்துல ஆள் இருக்கு, 3 லட்சம் குடுத்தா போதும்" என்று யாராவது வந்தால் நம்பவே நம்பாதீங்க. ராணுவத்தில் சேர லஞ்சம் எதுவும் தேவையில்லை. ஆள் பிடித்துத் தருகிறேன் என்பது மோசடி. நகையை அடகு வைத்துக் கொடுத்தால் நகையும் போகும், வேலையும் கிடைக்காது.

புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பம் ராணுவத்தின் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் மட்டும்தான். பத்தாம் வகுப்பு சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் அப்படியே இருக்கிறதா என்று முதலில் பாருங்க. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்க. அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் நேரம் பத்தாது.